நாற்பத்தொன்று எங்கே?

லாரிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு போய் நின்றுவிட்டாள் நூலகரம்மா.

பிரேக் அலறியது. லாரியின் மூக்கு அவள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. நூலகத்துக்குள் யாராவது தும்மினாலே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து முறைக்கிற பெண்மணி, பட்டப்பகலில், நடுத்தெருவில், ஒரு கால் செருப்பைப் பறிகொடுத்துவிட்டு மூச்சிரைக்க நிற்கிறாள். அவளுடைய வாசகர்கள் யாராவது பார்த்திருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டார்கள்.

“ஏம்மா, சாகறதுக்கு வேற வண்டியே கிடைக்கலையா உனக்கு?” டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“நாப்பத்தொண்ணு! எனக்கு நாப்பத்தொண்ணு வேணும்!”

“நாப்பத்தொண்ணாம் நம்பர் பஸ்ஸா? அது அந்தத் தெருவுலல்ல நிக்கும்?”

“பஸ் இல்லய்யா, கதை! பழைய பேப்பர் கடையிலேர்ந்துதானே வர்றீங்க? பின்னாடி இருக்கறதை இறக்குங்க. முழுசா இறக்குங்க!”

டிரைவர் பக்கத்தில் இருந்த ஆளைப் பார்த்தார். ‘கழண்டுடுச்சு போல’ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அதற்குள் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார் கேட்லாக். நூலக உதவியாளர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதனால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. கையில் நூலகரம்மாவின் செருப்பு.

“மேடம், முதல்ல இதை மாட்டுங்க. ஸ்கூட்டர் நிக்கறதுக்குள்ள குதிச்சா நான் என்ன பண்றது?” என்றவர் டிரைவரிடம் திரும்பினார். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வண்டியில என்ன லோடு?”

“அட்டைப் பெட்டி. நோட்டு, பேப்பரெல்லாம் இன்னும் கடையிலதான் கிடக்கு. ஒரு மணிக்கு அடுத்த வண்டி வந்து அள்ளும். மில்லுக்குப் போயிட்டா சாயங்காலமே கூழுதான்.” டிரைவர் கியரைப் போட்டார். “பொண்ணைத் தேடி வண்டியை மறிச்சவங்களைப் பார்த்திருக்கேன். பையனைத் தேடி மறிச்சவங்களையும் பார்த்திருக்கேன். கதையைத் தேடி மறிக்கிறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்.”

லாரி போயிற்று. மணி பதினொன்றே முக்கால்.

விஷயம் இதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நூலக வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். ‘கதைப் போட்டி. எல்லா வயதினரும் எழுதலாம்.’ நூலகரம்மாவே தன் கைப்பட, முத்து முத்தாக எழுதிய போர்டு. பிள்ளைகள், இளைஞர், பொது என்று மூன்று பிரிவு. விதிமுறைகளை வகுத்தவளும் அவள்தான். கதையில் பெயர் இருக்கக்கூடாது, எண் மட்டும். பெயரும் விலாசமும் தனி உறையில், ஒட்டி. உறையின் மேல் அதே எண்ணும், எந்தப் பிரிவு என்பதும். பரிசு முடிவான பிறகு மேடையில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். அதுவரைக்கும் எந்தக் கதை யாருடையது என்று அவளுக்கே தெரியாது. தெரியக்கூடாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, ஓர் இடத்தைத் தவிர. உறைகளைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றியவர் கேட்லாக். கதைகளைப் பிரிவுவாரியாகப் பிரித்தவள் நூலகரம்மா. உறையைப் பார்த்து அல்ல; கையெழுத்தைப் பார்த்து.

“பதினெட்டு வருஷமா இந்தக் கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கேன் அண்ணே. எழுத்தைக் காட்டுங்க, வயசைச் சொல்றேன்,” என்பாள். சொல்லவும் சொல்வாள். அந்தப் பெருமைதான் இன்றைக்கு அவளைத் தெருவில் ஓடவிட்டது.

நாற்பத்தோராம் எண் கதை பென்சிலில் எழுதியிருந்தது. இரட்டைக் கோடு போட்ட நோட்டுத் தாள். நடை பழகும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொள்வதுபோல ஒவ்வொரு எழுத்தும் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் பிடித்துக்கொண்டு நின்றது. முதல் வரி இப்படி: ‘என் அப்பா என் ரிப்போர்ட் கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நல்ல மார்க் என்றார்.’

பென்சில், இரட்டைக் கோடு, பள்ளிக்கூடத்துப் பெண் பேசுகிறாள். இதற்குமேல் என்ன யோசனை? பிள்ளைகள் கட்டில் போட்டுவிட்டாள்.

பிள்ளைகள் கட்டை முதலில் சலித்து, தேறாததைக் கழிப்பதும் அவள் வேலை. சென்ற வருடம் அந்தப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய கதை, விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் மகனுக்கு எழுதிக்கொடுத்தது என்று பிற்பாடு தெரிந்து ஏகப்பட்ட ரகளை. சூடு கண்ட கை. இந்த வருடம் பூதக்கண்ணாடி போடாத குறையாகப் படித்தாள். நாற்பத்தொன்றின் இரண்டாம் பக்கத்தில் பாதியில் ஒரு வாக்கியம் வந்தது: ‘சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடக்கிய சிரிப்பு அப்பாவின் காதுக்குத்தான் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.’

பத்து வயதுப் பெண் எழுதுகிற வாக்கியமா இது? இதுவும் ஒரு தகப்பனார் எழுதிக்கொடுத்ததுதான் என்று அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே நிறுத்தினாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். அந்த வாக்கியத்துக்குக் கீழே, கோடுகளின்மேல், ஒரே ஒரு வரி எழுதினாள். கழித்த கதைகளை யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். எழுதி முடித்ததும் மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. பக்கத்தைத் திருப்பவில்லை. கழித்த கட்டோடு சேர்த்துக் கட்டி, நேற்றுக் காலை பழைய பேப்பர்காரர் வந்தபோது எடுத்துப்போகச் சொல்லிவிட்டாள்.

இன்று பதினொரு மணிக்குப் பொதுப் பிரிவு நடுவர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பேராசிரியர். காற்புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டார்.

“உங்க லிஸ்ட்ல இருபத்தேழு கதை போட்டிருக்கு. எங்கிட்ட இருக்கறது இருபத்தாறு. நாற்பத்தொன்று எங்கேம்மா?”

பதிவேட்டைப் புரட்டினாள். நாற்பத்தொன்று: பொது. உறையை எடுத்துப் பார்த்தாள். அதே நடுங்கும் பென்சில் எழுத்தில்: பொது.

கழித்த கட்டு நேற்றே பேப்பர்காரரோடு போய்விட்டது.

“சார்... கொண்டாந்து தர்றேன் சார்.”

“நாலு மணிக்கு விழா. ரெண்டு மணிக்குள்ள வந்தா படிக்கிறேன். வரலைன்னா ஒரு கதையைப் படிக்காமலே முடிவு பண்ணினோம்னு மேடையிலேயே சொல்லிடுவேன். சொல்லாம இருக்க எனக்குத் தெரியாது.”

இரண்டு மணி. அதற்குள் ஐந்து தாள். கிடைத்தால் ஒருவருக்கு நியாயம். கிடைக்காவிட்டால், எழுதப் பாடுபட்ட யாரோ ஒருவரை வாசிக்காமலே குப்பையில் போட்டவள் என்ற பெயர் அவளுக்கு ஆயுசுக்கும்.

பேப்பர் கடை ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயரத்துக்கு மூட்டைகள். நடுவே போகிற வழி, ஒருவர் போனால் இன்னொருவர் காத்திருக்க வேண்டிய அகலம். தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டுகளின் அட்டையைக் கிழித்துத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார் பேப்பர்காரர். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. ஒன்பது வருடமாக மாதாமாதம் நூலகத்துக்கு வந்து போகிறவர்.

“வாங்கம்மா. என்ன, நேத்துதானே வந்தேன்? அதுக்குள்ள புஸ்தகமெல்லாம் பழசாயிடுச்சா?”

“நேத்து ஒரு கட்டு கொடுத்தேனே, சணல் கயிறு போட்டு. அது எங்க?”

“அந்த மலையில எங்கயாவது இருக்கும்.”

அவர் கைகாட்டிய திசையில் பாய்ந்தாள். முதல் மூட்டையை அவிழ்த்தாள். இரண்டாவது. மூன்றாவது. யாரோ பிள்ளைகளின் வாய்ப்பாடு, யாரோ கடையின் பில் புத்தகம், ஒரு கல்யாணத்துக்கு அடித்து மிஞ்சிய ஐநூறு அழைப்பிதழ். கேட்லாக் மறுபக்கத்திலிருந்து பிரித்தார். தும்மல் போட்டார். அவள் முறைக்க மறந்துபோனாள்.

“என்னம்மா தேடறீங்க? சொன்னாத்தானே தெரியும்.”

“ஒரு கதை. பென்சில்ல எழுதினது. ரெட்டைக்கோடு தாளு, அஞ்சு பக்கம்.”

பேப்பர்காரரின் கை அட்டையைக் கிழிப்பதை நிறுத்தியது.

“வேணாம்னுதானே போட்டீங்க?”

“தப்பு நடந்துபோச்சு. பெரியவங்க எழுதினதைப் பிள்ளைங்க கட்டுல சேர்த்துட்டோம். இப்ப நடுவர் படிக்கணுங்கறார். ரெண்டு மணிக்குள்ள கொண்டுபோகணும். உங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது.”

“படிச்சு?”

“நல்லா இருந்தா பரிசு கொடுப்பாங்க.”

“நல்லா இருக்குமா?”

“அது எனக்கெப்படித் தெரியும்? நான் முழுசா...” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேப்பர்காரர் எழுந்தார். மூட்டைகளுக்கு நடுவே உள்ளே போனார். போன வேகத்தில் வந்தார். கையில் ஐந்து தாள், ஓரம் மடங்காமல், ஒரு பழைய காலண்டர் அட்டைக்கு நடுவே வைத்து.

அவளுக்கு உயிர் வந்தது. வாங்கக் கை நீட்டினாள். அவர் உடனே கொடுக்கவில்லை.

“இதுல சிவப்பா ஒண்ணு எழுதியிருக்கே. அதுவும் கதையில சேர்த்தியா?”

“உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?”

“எடை போடத் தெரியும்மா. சிவப்பு, கறுப்பு வித்தியாசமும் தெரியும். யார் எழுதினது அது?”

பின்னாளில் அவள் எத்தனையோ தடவை அந்தக் கொட்டகைக்குள் மனசால் திரும்பிப் போனாள். அந்தக் கேள்விக்கு ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் குறைந்தபட்சம் ஒரு மன்னிப்புக்காவது இடம் இருந்திருக்கும். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

“அதுவா? ஆபீஸ்ல யாரோ கிறுக்கினது.”

சொல்லிவிட்டுக் கேட்லாக்கைப் பார்த்தாள். அந்த மனிதர் ஒரு நொடி தரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நான்தாங்க. பேனா எழுதுதான்னு பார்த்தேன்.”

“அப்படியா?” பேப்பர்காரர் தலையாட்டினார். “நல்ல கையெழுத்துங்க உங்களுக்கு. அப்ப, வாசல்ல இருக்கற போர்டு எழுதினதும் நீங்கதானா?”

“ஆ... ஆமாங்க.”

“நினைச்சேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

தாள்களைக் கொடுத்தார். நூலகரம்மா நன்றிகூடச் சொல்லாமல் வெளியே ஓடினாள்.

ஸ்கூட்டர் இரண்டு தெரு தாண்டியதும் கேட்லாக் மெல்ல ஆரம்பித்தார். “மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? அவர் தேடவே இல்ல. நேராப் போய் எடுத்தாரு.”

“பேசாம ஓட்டுங்கண்ணே.”

“பேசலை மேடம். பேனாவைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

அவள் தாள்களை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மேஜைக்கு வந்ததும் முதல் காரியமாக மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். அவள் திருப்பாமல் விட்ட பக்கம்.

‘இதுவரை பேசியது என் மகள் இல்லை. அவள் இப்படிப் பேசியிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டது. எழுதக் கற்றுக்கொண்டதும் முதலில் அவளைப் பேசவைக்க ஆசைப்பட்டேன். கார்டைத் தலைகீழாகப் பிடித்த அப்பா நான்தான்.’

நின்றுகொண்டே படித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து மகள் ரிப்போர்ட் கார்டை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல இருந்தார். அவள் வளர்ந்தாள், வேலைக்குப் போனாள், வேறு ஊருக்குப் போனாள். கல்யாணப் பதிவுக்குக்கூட அப்பாவைக் கையெழுத்துக்குக் கூப்பிடவில்லை. ஐம்பத்தைந்தாவது வயதில் அவர் எழுதக் கற்க உட்கார்ந்தார். ‘இப்போது என் பெயரை நேராக எழுதுவேன். எழுதிக் கொடுக்க ஒரு கார்டுதான் இல்லை’ என்று முடிந்தது கதை.

நூலகரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பினாள். தன்னுடைய சிவப்பு வரியைப் படித்தாள். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் அது ஒரு வரி. திருப்பிய பின் அது வேறு வரி. ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அவளால் இரண்டாவது தடவை படிக்க முடியவில்லை.

மணி ஒன்று பத்து.

மேஜை இழுப்பறையில் புத்தக முதுகில் எண் எழுதி ஒட்டும் வெள்ளை லேபிள் கட்டு இருந்தது. நாலு லேபிளை உரித்தாள். ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, சிவப்பு வரியை அடியோடு மூடினாள். நகத்தால் நீவிவிட்டாள். நடுவர் இதைப் பார்த்து ஏதாவது தப்பாக நினைத்துவிட்டால் எழுதியவருக்கல்லவா நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை. மீதிப் பாதி அந்த முத்து முத்தான கையெழுத்து.

கேட்லாக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“லேபிள் நல்லா ஒட்டுமா அண்ணே?”

“ஒட்டும் மேடம். இருபது வருஷத்துக்கு வராது.”

மூன்று மணிக்குப் பேராசிரியரிடமிருந்து போன் வந்தது. “முன்னாடி எழுதின முடிவைக் கிழிச்சுப் போட்டுட்டேன். பொதுப் பிரிவுல முதல் பரிசு நாற்பத்தொன்று. யாருன்னு பார்க்க எனக்கே ஆவலா இருக்கும்மா.”

வாசிப்பு அறையில் மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு வயதிலிருந்து எண்பது வரைக்கும் கூட்டம். பிள்ளைகள் பிரிவு முடிந்தது. இளைஞர் பிரிவு முடிந்தது. வென்றவர்கள் தங்கள் கதையைத் தாங்களே மேடையில் வாசிக்க வேண்டும். அதுவும் நூலகரம்மாவின் விதிதான். மற்றவர் கதையைத் தங்கள் கதை என்று சொல்லிக்கொள்கிறவர்கள் வாசிக்கும்போது தடுமாறுவார்கள், பிடித்துவிடலாம் என்று போட்ட விதி.

பேராசிரியர் நாற்பத்தோராம் உறையைப் பிரித்தார். பெயரை மைக்கில் படித்தார். நூலகரம்மாவுக்கு அந்தப் பெயர் யாரென்றே தெரியவில்லை. எங்கும் கேட்ட பெயராக இல்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தேய்த்த சட்டை. கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே, இடுக்கமான வழியில் நடந்து பழகியவர்போல, யார் மேலும் படாமல் பக்கவாட்டில் வந்தார்.

பேப்பர்காரர்.

ஒன்பது வருடம். மாதம் ஒருமுறை. அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. யாரோ பிள்ளைகள் பாதியில் விட்ட நோட்டின் வெற்றுத் தாள், எடைக்கு வந்த மூட்டையில் கிடைத்த பென்சில். நேற்று, அவர் கதையை அவரிடமே குப்பை என்று தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ‘உங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது’ என்று இன்று வேறு சொல்லியிருக்கிறாள்.

கைதட்டல் நின்றதும் அவர் தாள்களை மேஜைமேல் வைத்து, வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். மெதுவாக. ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்து எடுப்பதுபோல. ரிப்போர்ட் கார்டு தலைகீழாக வந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் பக்கம். ‘அடக்கிய சிரிப்பு அப்பாவின் காதுக்குத்தான் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.’

விரல் லேபிளில் வந்து நின்றது.

கூட்டம் காத்திருந்தது. தடுமாறுகிறார் என்று நினைத்த பேராசிரியர் குனிந்து, “அடுத்த வரிக்குப் போங்க, பரவாயில்லை,” என்றார்.

“இங்க ஒரு வரி இருந்துச்சுங்க சார். மேல ஒட்டியிருக்காங்க.”

“நீங்க அடிச்சுத் திருத்தினதா?”

“இல்லைங்க. நான் எழுதின வரி இல்ல. ஆனா நேத்து பூரா அதைத்தான் படிச்சுக்கிட்டிருந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, மனப்பாடமாயிடுச்சு.” மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்தார். “இந்தக் கதையில என் மக பேசற மாதிரி எழுதினேன். எல்லாத்தையும் சொல்ல வச்சேன். ஆனா அவ மனசுல கடைசியா என்ன இருந்திருக்கும்னு மட்டும் எனக்கு எழுத வரலை. மூணு பென்சில் தீர்ந்துச்சு, அது மட்டும் வரலை. இதை எழுதினவங்களுக்கு வந்திருக்கு. அதனால இதை விட்டுட்டுப் படிச்சா கதை முழுசாகாதுங்க.”

நூலகரம்மா எழுந்து நின்றுவிட்டாள். ‘அது நான்தான், அது உங்களுக்கு எழுதினதில்ல’ என்று சொல்ல வாயெடுத்தாள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டதோடு சரி. சுவரோரம் கேட்லாக்கும் ஓரடி முன்னால் வந்து, எதையோ தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக, அவளையே பார்த்தபடி நின்றார்.

பேப்பர்காரர் அவள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வந்த மாணவனுடைய பார்வை. பிறகு விரலை லேபிளின் இடது ஓரத்தில் வைத்தார். வெள்ளைக் காகிதத்தின்மேல், எழுத்துகள் கண்ணுக்குத் தெரிவதுபோலவே, விரலை நகர்த்தி நகர்த்தி, மகளின் குரலில் வாசித்தார்:

“இப்படி ஓர் அப்பா எனக்கு இல்லாமலே இருந்திருக்கலாம்.”

நூலகரம்மா எழுதியதில், ‘எனக்கு’ என்ற இடத்தில் ‘இந்தப் பெண்ணுக்கு’ என்று இருந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் அவர் மாற்றியிருந்தார்.